முன்னறிவிக்கப்பட்ட அநியாயம்



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், கொண்டையூசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் கல்லாறு என்னும் சிற்றூர் இருக்கிறது. பெயருக்கேற்றபடி ஆறு முழுவதும் கல். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் பெரிய பாறைகளைச் சுற்றியும் உருண்டைக் கற்களின்மேலும் தெளிவாக ஓடி, கீழே வாமனபுரம் ஆற்றோடு சேர்கிறது. நகரத்தில் வேலை தேடி வந்து குடியேறிய எங்கள் சபைக் குடும்பங்கள் ஒரு விடுமுறை நாளில் அங்கே கூடி, ஆராதித்து, உணவருந்தி, வேதத்தைத் தியானித்தோம். கட்டிட வேலை செய்கிறவர்கள், கடைகளில் நிற்கிறவர்கள், மருத்துவமனைகளில் துப்புரவு செய்கிறவர்கள், வீட்டுவேலைக்குச் செல்லும் சகோதரிகள் எனப் பலரும் வந்திருந்தார்கள்.

அன்றைய வேதபாடம் அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரம். எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் அமர்ந்து ஏசாயாவின் ஆகமத்தை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிச் சேர்ந்து, வாசிக்கிறது விளங்குகிறதா என்று கேட்கிறார். ஆற்றங்கரையில் அமர்ந்து அந்தப் பகுதியை வாசிப்பது எங்களுக்குப் பொருத்தமாகவே இருந்தது. பாடம் முடிந்தபின், வயதான ஒரு சகோதரி தயங்கித் தயங்கி எழுந்தார். பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து கிள்ளியவர். தோட்டம் நொடிந்தபின் மகனோடு நகரத்திற்கு வந்து, இப்போது இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார்.

"ஐயா, இயேசப்பாவுக்கு நடந்ததெல்லாம் முன்னமே எழுதியிருக்கிறது என்கிறீர்கள். எழுதினபடிதானே நடந்தது? அப்படியானால் பிலாத்துவின் மேல் என்ன குற்றம்? எனக்குத் தோட்டத்திலிருந்து வரவேண்டிய பணம் இன்னும் வரவில்லை. கேட்கப் போனால், 'ஆட்டுக்குட்டி வாய் திறக்கவில்லையே, விசுவாசியான நீ ஏன் வாய் திறக்கிறாய்?' என்று நம்முடைய ஆட்களே சொல்லுகிறார்கள். நான் பேசாமலேயே இருந்துவிட வேண்டுமா?"

"கர்த்தர் பார்த்துக்கொள்வார், அம்மா" என்று நான் சொன்னேன். மத்தியான உணவுக்கு நேரமாகிவிட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டு அமர்ந்துகொண்டார். அந்தப் பதில் பொய்யல்ல. ஆனால் அது அவருடைய கேள்விக்குப் பதிலும் அல்ல. வீடு திரும்பியபின் அவர் முகம் என்னைத் தூங்கவிடவில்லை. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

மந்திரி வாசித்த வசனம்

மந்திரி வாசித்துக்கொண்டிருந்த பகுதி ஏசாயா 53ஆம் அதிகாரத்தின் 7, 8ஆம் வசனங்கள். அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படும் ஆட்டைப்போலவும், மயிர் கத்தரிக்கிறவனுக்கு முன்பாகச் சத்தமிடாத ஆட்டுக்குட்டியைப்போலவும் ஒருவர் இருந்தார் என்று தீர்க்கதரிசி சொல்லுகிறார். வாய் திறவாமை பற்றிய இந்தப் பகுதி நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு அடுத்த வசனத்தைத்தான் நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

உங்கள் வேதாகமத்தில் ஏசாயா 53:8ஐயும் அப்போஸ்தலர் 8:33ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். வார்த்தைகள் சற்று வேறுபட்டிருக்கும். ஏசாயாவில், இடுக்கணிலிருந்தும் நியாயத்தீர்ப்பிலிருந்தும் அவர் எடுக்கப்பட்டதாகக் காண்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகளிலோ, அவர் தாழ்த்தப்பட்ட நேரத்தில் அவருக்குரிய நியாயமே அகற்றப்பட்டதாக வருகிறது. இது அச்சுப்பிழை அல்ல. ஏசாயாவின் புத்தகம் எபிரெயுவிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது. மந்திரி வாசித்த வார்த்தைகளோ, கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் செய்த பழைய கிரேக்க மொழிபெயர்ப்பைப் பின்பற்றுகின்றன. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று அதைச் சொல்லுவார்கள்.

எபிரெயுவில் வரும் 'ஓட்செர்' என்னும் சொல்லுக்கு அடக்கிவைத்தல், காவலில் அடைத்தல், ஒடுக்குதல் என்று பொருள் கொள்ளலாம். 'மிஷ்பாத்' என்பது நியாயம், நியாயவிசாரணை. ஒடுக்குதலினாலும் விசாரணையினாலும் அவர் எடுத்துக்கொண்டுபோகப்பட்டார் என்றும் அந்த வாக்கியத்தை வாசிக்கலாம். எப்படி வாசித்தாலும் கருத்து ஒன்றுதான். விசாரணை என்று ஒன்று நடந்தது. அதில் நியாயம் இல்லை. சட்டத்தின் பெயரால் ஒரு குற்றமற்றவர் கொல்லப்பட்டார். அடுத்த வசனம் அதை உறுதிப்படுத்துகிறது. அவர் கொடுமை செய்தவர் அல்ல, அவர் வாயில் வஞ்சனை இருந்ததும் இல்லை என்று அது சாட்சி கூறுகிறது.

இது சிலுவைக்குப்பின் யாரோ எழுதிச் சேர்த்தது என்று சொல்ல இடமில்லை. 1947இல் சவக்கடலின் அருகேயுள்ள கும்ரான் குகையில் கண்டெடுக்கப்பட்ட ஏசாயாவின் பெரிய தோற்சுருள் கிறிஸ்துவின் பிறப்புக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டது என்று அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். சுமார் ஏழு மீட்டர் நீளமுள்ள அந்தச் சுருளில் 53ஆம் அதிகாரமும் இருக்கிறது.

நிறைவேறுதலைச் சுவிசேஷங்களில் காண்கிறோம். இராத்திரியில் பிடித்துக்கொண்டுபோனார்கள். பொய்ச்சாட்சிகளைத் தேடினார்கள், சாட்சிகள் ஒத்துவரவில்லை (மாற்கு 14:56). பிலாத்து ஒருமுறையல்ல, மூன்றுமுறை, இவரிடத்தில் குற்றம் காணவில்லை என்று அறிவித்தான் (லூக்கா 23:4, 14, 22). பின்பு தண்ணீரை அள்ளிக் கைகளைக் கழுவி, குற்றமற்றவர் என்று தானே சொன்னவரை ஒப்புக்கொடுத்தான். ஏசாயா சொன்னபடியே நியாயம் அகற்றப்பட்டது.

சொல்லப்பட்டதால் சரியாகிவிடுமா?

இப்பொழுது அந்தச் சகோதரியின் முதல் கேள்விக்கு வருவோம். முன்னறிவிக்கப்பட்டதால் அந்த அநியாயம் நியாயமாகிவிட்டதா?

பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு செய்த பிரசங்கத்தைக் கவனியுங்கள். ஒரே வசனத்தில் இரண்டு உண்மைகளை அவர் சொல்லுகிறார். இயேசு தேவனுடைய நிர்ணயத்தின்படியும் முன்னறிவின்படியும் ஒப்புக்கொடுக்கப்பட்டார், அவரைக் கொலைசெய்த கைகளோ அக்கிரமக்காரருடைய கைகள் (அப். 2:23). தேவனுடைய நிர்ணயம் மனிதனுடைய கையைக் கழுவிவிடவில்லை. சில நாட்களுக்குப்பின் சாலொமோன் மண்டபத்தில் பேசும்போது, நீங்கள் அறியாமையினால் இதைச் செய்தீர்கள் என்று ஜனங்களிடம் இரக்கமாய்ச் சொன்ன அதே பேதுரு, ஆகையால் மனந்திரும்புங்கள் என்கிறார் (அப். 3:17-19). தீர்க்கதரிசனம் குற்றத்தை நீக்கியிருந்தால் மனந்திரும்பும்படி அழைக்கவேண்டிய அவசியமே இல்லை.

யோசேப்பும் இதையே பேசினார். சகோதரர் அவரைக் குழியில் போட்டு விற்றார்கள். பல ஆண்டுகளுக்குப்பின் அவர்களைக் கட்டித்தழுவியபோதும், "நீங்கள் செய்தது நல்லதுதான்" என்று அவர் சொல்லவில்லை. நீங்கள் நினைத்தது தீமை, தேவன் அதை நன்மையாக முடித்தார் என்ற பொருளில் பேசினார் (ஆதி. 50:20). தீமைக்குத் தீமை என்றே பெயர் வைத்தார், மன்னிப்பையும் கொடுத்தார். தீமைக்கு நல்ல பெயர் சூட்டி மூடிவிட்டால், மன்னிப்பதற்கு அங்கே ஒன்றும் இராது.

கல்லாற்றில் ஒரு பழக்கம் உண்டு. கீழே வெயில் அடித்தாலும், மலையின்மேல் மேகம் கறுத்தால், அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் உடனே பிள்ளைகளை ஆற்றிலிருந்து ஏற்றிவிடுவார்கள். மேலே பெய்த மழை சற்று நேரத்தில் வெள்ளமாக இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொன்னதால் வெள்ளம் வருவதில்லை. உபமானம் முழுவதும் பொருந்தாது. தேவன் கரையில் நின்று பார்க்கிறவர் மட்டுமல்ல, வெள்ளத்தின்மேலும் ஆளுகை செய்கிறவர். என்றாலும், முன்னமே சொல்லுவது வேறு, ஒப்புக்கொள்ளுவது வேறு என்பதை இதிலிருந்து சிறுபிள்ளையும் புரிந்துகொள்ளும்.

அகபு சொன்னதும் பவுல் செய்ததும்

இதைவிடத் தெளிவான உதாரணம் அப்போஸ்தலர் நடபடிகளிலேயே இருக்கிறது. அகபு என்னும் தீர்க்கதரிசி செசரியாவுக்கு வந்து, பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்குரியவர் எருசலேமில் இப்படியே கட்டப்படுவார் என்று பரிசுத்த ஆவியினாலே அறிவித்தார் (அப். 21:10, 11). நியாயமற்ற ஒரு பாடு, தெளிவாக, முன்கூட்டியே சொல்லப்பட்டது. சகோதரர்கள் அழுதார்கள். கர்த்தருடைய சித்தம் ஆகட்டும் என்று அமர்ந்தார்கள். பவுலும் போனார். சொன்னபடியே கட்டப்பட்டார்.

அதன்பின் பவுல் வாயை மூடிக்கொண்டு இருந்தாரா? அடுத்த அதிகாரத்தைத் திருப்புங்கள். அவரை வாரினால் கட்டி அடிக்கப்போகும் வேளையில், ரோமனாகிய ஒருவனைத் தீர்ப்பு இல்லாமல் அடிப்பது சட்டமா என்று நூற்றுக்கதிபதியிடம் கேட்டார் (22:25). தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்று சகோதரியின் மகன் வந்து சொன்னபோது, அவனைச் சேனாபதியிடம் அனுப்பினார் (23:16, 17). நியாயம் கிடைக்காது என்று கண்டபோது இராயனுக்கு அபயமிட்டார் (25:11). அதற்கு முன்பே, பிலிப்பி பட்டணத்தில் விசாரியாமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தபோது, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லியிருந்தார் (16:37).

பாடு வரும் என்ற தீர்க்கதரிசனத்தை ஏற்றுக்கொண்டவரே, பாடுபடுத்துகிறவர்களிடம் சட்டத்தைக் கேட்டார். இவ்விரண்டும் ஒரே மனிதனுக்குள், ஒரே ஆவியினால் இருந்தன. இதை நாம் மறந்துவிட்டால், தீர்க்கதரிசன வரத்தையே ஏழைகளின் வாயைக் கட்டுகிற கயிறாக ஆக்கிவிடுவோம்.

ஆட்டுக்குட்டியின் மௌனம்

அப்படியானால் நம்முடைய ஆண்டவர் ஏன் வாய் திறவாதிருந்தார்? முதலாவது, அவர் எங்கே பேசினார், எங்கே பேசவில்லை என்பதைப் பார்க்கவேண்டும். பிரதான ஆசாரியனுக்கு முன்பாகச் சேவகன் ஒருவன் அவரைக் கன்னத்தில் அறைந்தபோது, நான் தகாததைப் பேசியிருந்தால் அதை எடுத்துக்காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்ற பொருளில் அவனைக் கேட்டார் (யோவான் 18:23). பிலாத்துவோடு இராஜ்யத்தைக் குறித்தும் சத்தியத்தைக் குறித்தும் பேசினார். வேடிக்கை பார்க்க விரும்பிய ஏரோதுவுக்கு மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை (லூக்கா 23:9). தம்மை விடுவித்துக்கொள்ளும்படி அவர் வாதாடவில்லை. ஏனென்றால் நம்முடைய அக்கிரமத்தைச் சுமப்பதற்கென்றே வந்திருந்தார். அந்த மௌனம் மீட்பின் மௌனம். அதை அவர் ஒருவரே காக்க முடியும். நமது கூலிப்பணத்தை ஒருவன் பிடித்துவைத்திருப்பதில் யாருடைய பாவமும் நிவிர்த்தியாவதில்லை.

பேதுரு தமது முதலாம் நிருபத்தில் இந்த அதிகாரத்தையே எடுத்து, அநியாயமாய்ப் பாடுபடுகிற வீட்டு வேலைக்காரருக்கு எழுதுகிறார் (1 பேதுரு 2:18-25). அக்காலத்து அடிமைக்கு நியாயம் கேட்கச் செல்லக்கூடிய வாசல் ஏறத்தாழ ஒன்றும் இல்லை. சகிப்பதைத் தவிர வேறு வழி இல்லாதவனிடம், நீ தனியாய் இல்லை, உன் ஆண்டவரும் அந்த வழியில் நடந்தார் என்று அவர் ஆறுதல் சொல்லுகிறார். வழி இருக்கிறவனைப் பார்த்து அதை அடைத்துக்கொள் என்று சொல்லவில்லை. அடிமையாயிருக்கிற ஒருவன் விடுதலையாகக் கூடுமானால் அதை நாடட்டும் என்று பவுலும் கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரி. 7:21).

நாம் பின்பற்ற வேண்டியது என்ன என்பதைப் பேதுரு 23ஆம் வசனத்தில் காட்டுகிறார். இயேசு வைததற்குப் பதில் வையவில்லை, பயமுறுத்தவில்லை, நியாயமாய்த் தீர்க்கிறவரிடத்தில் தம்மை ஒப்புவித்தார். ஆகவே, நியாயம் கேட்கச் செல்லும் விசுவாசியின் வாயில் வசையும் பொய்யும் மிரட்டலும் இருக்கலாகாது. உண்மையைச் சொல்லுவதற்கோ தடையில்லை.

தரங்கம்பாடிக் கோட்டையில் ஒரு கைதி

மந்திரி வாசித்த இந்தப் பகுதியைத் தமிழில் முதன்முதலாக அச்சில் வாசிக்கச் செய்தவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய அவர், 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே சிறையில் அடைக்கப்பட்டார்.

காரணம் என்ன? நாவிதத் தொழில் செய்த ஒரு தமிழருடைய விதவைக்காகப் பேசியது. இறந்துபோன கணவருக்கும், டேனியக் கம்பெனியில் துபாஷியாக இருந்த ஒருவருக்கும் இடையிலான கடன் விவகாரத்தில் அவள் வழக்குத் தேடி நின்றாள். சீகன்பால்கு அவளுக்குத் துணைநின்றார். கோட்டைத் தளபதி ஹாசியுஸ் இதை அதிகப்பிரசங்கித்தனம் என்று எண்ணினார். ஏற்கெனவே இருந்த பகையோடு இதுவும் சேர்ந்து, டான்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதம் அவர் அடைபட்டிருந்தார். வெளியே வந்தபின் விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து, 1711 மார்ச்சில் முடித்தார். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் தரங்கம்பாடியில் அச்சாயின.

ஆட்டுக்குட்டியின் மௌனத்தைத் தமிழில் எழுதித் தந்தவர், வாயற்ற ஒரு விதவைக்காக வாய் திறந்து சிறைக்குப் போனவர். இரண்டையும் ஒன்றுக்கொன்று முரணாக அவர் கருதவில்லை.

திருவிதாங்கூரில் அகற்றப்பட்ட நியாயம்

கல்லாறு இருக்கும் இந்த நாட்டிற்கே திரும்புவோம். பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1836ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுமார் 12,80,000 மக்களில் 1,64,000க்கும் அதிகமானோர் அடிமைகள். எட்டுப் பேருக்கு ஒருவர். வயலோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், ஒற்றிக்கு வைக்கப்பட்டார்கள். பொதுச்சாலையில் நடக்கத் தடை. நீதிமன்றத்தின் அருகே வரவும் தடை. தூரத்தில் நின்றுதான் சாட்சி சொல்லவேண்டும். இவர்களைவிட, 'நியாயம் அகற்றப்பட்டது' என்ற வார்த்தையின் பொருள் யாருக்கு நன்றாக விளங்கியிருக்கும்?

அவர்களுக்குச் சுவிசேஷம் சொன்ன மிஷனெரிமார், பரலோகத்தில் சுகம் உண்டு, அதுவரை பொறுத்திரு என்று சொல்லி நிறுத்திவிடவில்லை. இலண்டன் மிஷனையும் சர்ச் மிஷனையும் சேர்ந்தவர்கள் ஒன்றுகூடி, அடிமைத்தனத்தை ஒழிக்கவேண்டும் என்று 1847இல் மகாராஜாவுக்கு விண்ணப்பம் எழுதினார்கள். உடனே பதில் கிடைக்கவில்லை. ஆங்கிலேய அரசின் நெருக்குதலும் கூடியது. 1853இல் அரசாங்க அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்தரர் என்று விளம்பரம் வந்தது. 1855 ஜூன் மாதம், உத்திரம் திருநாள் மகாராஜாவின் காலத்தில், அரசாங்க அடிமைகள் விடுவிக்கப்பட்டு, அடிமைக்குரிய கோரிக்கைகளை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்ற நிலை பிறந்தது. தெற்கே மேலாடை உரிமைக்காக நாடார் குலப் பெண்கள் பல்லாண்டு அடியும் அவமானமும் பட்டபின், 1859இல் அதற்கும் ஓர் அறிவிப்பு வந்தது.

விளம்பரம் வந்தவுடன் எல்லாம் மாறிவிடவில்லை. நெடுமங்காட்டுச் சந்தைக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்து பொருள் வாங்க 1912இல்கூட அய்யங்காளியின் தலைமையில் போராட வேண்டியிருந்தது. கல்லாறு அந்த நெடுமங்காடு வட்டத்தில்தான் இருக்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சபைக்குள்ளும் சாதி நுழைந்தது. ஒரே கர்த்தரை ஆராதித்தவர்கள் தனித்தனியே உட்காரவைக்கப்பட்டார்கள். அதைப் பொறுக்காமல் பொய்கையில் யோகன்னானைப்போன்றவர்கள் சபைகளைவிட்டு வெளியேறியதும் நடந்தது. அநியாயத்தைக் குறித்துப் பேசும்போது நம்முடைய வீட்டு வாசலையும் நாம் பெருக்கவேண்டும்.

ஊமையனுக்காக வாயைத் திறக்கும்படி நீதிமொழிகள் 31:8 கட்டளையிடுகிறது. ஏசாயா 53ஐ மனப்பாடம் செய்த நாம் இதையும் அதன் பக்கத்தில் எழுதிவைப்போமாக. தமக்காக வாய் திறவாத ஆட்டுக்குட்டியின் பிள்ளைகள், பிறருக்காக வாய் திறக்கக் கற்றுக்கொள்ளவேண்டும்.

நம்முடைய சபைகளில்

நகரத்தில் குடியேறிய நம் குடும்பங்களில் இந்தக் கேள்வி பல உருவத்தில் வருகிறது. மேஸ்திரி கூலியைப் பிடித்துவைக்கிறார். வேலைக்குச் செல்லும் வீட்டில் நகை காணாமற்போனதும் சந்தேகம் நம் சகோதரியின்மேல் விழுகிறது. குடிகாரக் கணவன் அடிக்கிறான். "இது உன் சிலுவை, சுமந்துகொள்" என்று மனைவிக்கு ஆலோசனை சொல்லப்படுகிறது. சில வேளைகளில் அது தீர்க்கதரிசனம் என்ற பெயரிலேயே சொல்லப்படுகிறது.

தீர்க்கதரிசன வரத்தை நாம் அற்பமாய் எண்ணுகிறவர்கள் அல்ல. ஆனால் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும்படியும் (1 தெச. 5:20, 21), தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் நிதானிக்கும்படியும் (1 கொரி. 14:29) வேதமே கட்டளையிடுகிறது. பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல் ஆகிய மூன்றும் தீர்க்கதரிசனத்தின் நோக்கம் (1 கொரி. 14:3). அடிக்கிறவனுக்கு வசதியாகவும் அடிபடுகிறவளுக்குப் பாரமாகவும் வரும் சொல்லை, இந்த மூன்றில் எதில் சேர்ப்பது?

கூலியைக் குறித்து யாக்கோபு சொன்னதைக் கேளுங்கள். வேலைக்காரனுக்குக் கொடாமல் வஞ்சகமாய்ப் பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளின் கர்த்தருடைய செவிகளில் எட்டுகிறது (யாக். 5:4). கூலியே கூக்குரலிடும்போது கூலிக்காரி ஏன் மௌனமாயிருக்க வேண்டும்? நியாயம் கேட்டு விடாமல் அலைந்த விதவையையே சோர்ந்துபோகாத ஜெபத்திற்கு மாதிரியாக நம் ஆண்டவர் எடுத்துக்காட்டினார் (லூக்கா 18:1-8). அவள் வீட்டில் அமர்ந்து அழுததாக உவமை சொல்லவில்லை. நியாயாதிபதியின் வாசலுக்கே திரும்பத் திரும்பப் போனாள்.

அதிகாரிகள் தீமை செய்கிறவரைத் தண்டிக்கும்படி ஏற்படுத்தப்பட்டவர்கள் என்று பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 2:14). அப்படியானால் அவர்களிடம் முறையிடுவது அவிசுவாசம் ஆகாது. பணிக்கொடைக்கென்று நம் நாட்டில் 1972லேயே சட்டம் இயற்றப்பட்டது. தொழிலாளர் சட்டங்கள் பிற்பாடு தொகுத்து மாற்றப்பட்டபோதும் அந்த உரிமை எடுபடவில்லை. வீட்டுக்குள் அடிபடும் பெண்களைப் பாதுகாக்க 2005இல் சட்டம் வந்தது. 1987ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டத்தின்படி, வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் விண்ணப்பிக்கலாம். அவசர உதவிக்குப் பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம். இவற்றை அறிந்துவைத்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் சபையின் ஊழியமே.

முறையிட்டும் நியாயம் கிடைக்காமற்போகலாம். அபயமிட்ட பவுலும் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தார். அப்பொழுது பேதுரு காட்டிய இடத்தில் நிற்போம். நியாயமாய்த் தீர்க்கிறவரிடத்தில் ஒப்புவிப்போம். செய்யக்கூடியதைச் செய்தபின் ஒப்புவிப்பதற்கும், பயத்தினால் ஒன்றும் செய்யாமல் "ஒப்புவித்தேன்" என்று சொல்லுவதற்கும் வித்தியாசம் உண்டு.

அவருடைய வம்சம்

மந்திரியை விட்டுவிட்டு வந்துவிட்டோம். அவர் ஏன் அந்த இடத்தில் நின்றுபோனார்? அதே வசனத்தில், அவருடைய வம்சத்தை யாரால் சொல்லமுடியும் என்ற கேள்வி வருகிறது. மந்திரி ஓர் அண்ணகர். அவருக்குப் பிள்ளை இல்லை, வம்சம் இல்லை. உபாகமம் 23:1இன்படி கர்த்தருடைய சபைக்குள் முழு இடமும் இல்லை. தொழுதுகொள்ள எருசலேம்வரை வந்து திரும்பிக்கொண்டிருந்தவர், நியாயமும் வம்சமும் இல்லாமல் அறுப்புண்டுபோன ஒருவரைக் குறித்து வாசிக்கிறார். தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார் என்று அவர் கேட்டது வெறும் அறிவுக்கேள்வி அல்ல.

பிலிப்பு அந்த வசனத்திலிருந்து தொடங்கி இயேசுவை அறிவித்தார். அறுப்புண்டுபோனவர் மூன்றாம் நாளில் எழுந்தார். மனிதர் எழுதிய தீர்ப்பைத் தேவன் கல்லறையில் வைத்துத் திருப்பி எழுதினார். அவர் தமது சந்ததியைக் காண்பார் என்று ஏசாயா 53:10 சொல்லுகிறது. இன்னும் மூன்று அதிகாரம் தள்ளி, 56:3-5இல், அண்ணகர்களுக்குக் குமாரரையும் குமாரத்திகளையும்விட மேலான நாமம் வாக்களிக்கப்படுகிறது. சுருளை அவர் தொடர்ந்து வாசித்திருந்தால் தமக்குரிய பங்கையும் கண்டிருப்பார். தண்ணீரைக் கண்டதும், ஞானஸ்நானம் பெறத் தடையென்ன என்று கேட்டார். ஒரு தடையும் இல்லை. சந்தோஷத்தோடே தன் வழியே போனார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அந்தச் சகோதரியைத் தேடிப் போனேன். கல்லாற்றில் நான் அரைப் பதில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, மேலே எழுதியவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் பிலாத்து கை கழுவினது செல்லாது" என்றார். செல்லாது என்றேன். சற்று நேரம் கழித்து, முந்தானை முடிச்சிலிருந்து மடித்துவைத்த பழைய சம்பளச் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "அப்படியானால் எழுதுங்கள் ஐயா. கையெழுத்து நான் போடுவேன்."

சபையில் சட்டம் படிக்கும் ஒரு வாலிபச் சகோதரியை அழைத்து மூவரும் அமர்ந்தோம். முதலில் ஜெபித்தோம், பிறகு மனுவை எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் இப்பொழுதெல்லாம் அந்தத் தாயார் சாட்சி சொல்லும் நேரத்தில் தயங்காமல் எழுந்து நிற்கிறார். உங்கள் சபையிலும் இப்படி ஒருவர் கேள்வியோடு உட்கார்ந்திருக்கக்கூடும். அவரருகே சென்று அமருங்கள். பிலிப்பு இரதத்தில் ஏறி மந்திரியின் பக்கத்தில் அமர்ந்த பிறகுதான் வசனம் திறக்கப்பட்டது.

அநியாயமாய்ப் பாடுபட்டு, நீதியாய் எழுந்த நம்முடைய ஆண்டவர் உங்கள் குடும்பங்களைக் காப்பாராக. ஆமென்.